மெற்றில்டாவின் நாற்பது நாள்

மூன்று மணிக்குப் பிள்ளை வரும். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மெற்றில்டாவின் தலைக்குள் அது ஒன்றுதான். அதற்குள் நத்தார் மரத்தை இறக்கி, முன்னறையைக் கூட்டித் துடைத்து, கட்டில் போட்டு, வீட்டைக் கதகதப்பாக வைத்துவிட வேண்டும். இப்போது ஒன்பதே கால். வழியெல்லாம் உறைபனி. ஓரத்துப் புல்லை மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

ஜனவரி ஆறு, குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்களின் திருநாள். மோர்டனில் இருந்து இரண்டு பஸ், ஒரு ரயில், பிறகு அரை மணிக்கு ஒன்றாக வருகிற இன்னொரு பஸ். சுற்றிவர வயலும் குதிரைக் கொட்டிலுமாகக் கிடக்கிற இந்த இடமும் லண்டன்தானாம்; குப்பை வாளியில் லண்டன் கவுன்சிலின் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. முதல் நாள் வேலைக்கு வந்து திரும்பியபோது, "இது லண்டன் எண்டா எங்கட ஊர் பேசாலையும் லண்டன்தான்" என்று அவள் தன் கணவன் யேசுரட்ணத்திடம் சொன்னாள். அவர் இன்றுவரை அவளைச் செவ்வாயும் வெள்ளியும் "பேசாலைக்கோ?" என்று கேட்டுத்தான் வழியனுப்புகிறார்.

வீடு டொக்டர் பாலேந்திராவினுடையது. ரெய்னர்ஸ் லேனில் முப்பது வருடம் இருந்து வைத்தியம் பார்த்துவிட்டு, "இனி மரத்தைப் பாத்துக்கொண்டு இருக்கப் போறன்" என்று ஐந்து வருடத்துக்கு முன் இங்கே வந்தவர். அவருடைய மனைவி பாலாம்பிகை மரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. "ஆள் அரவம் இல்லாத இடத்தில கொண்டந்து விட்டிட்டார்" என்பது அவருடைய ஐந்து வருடத்துப் பல்லவி. மெற்றில்டா அங்கே போவது வீடு துடைக்க மட்டுமல்ல, அந்தப் பல்லவியைக் கேட்டு "ஓம் அக்கா" சொல்லவும்தான்.

இவர்களுடைய மகள் மேனுஷாவுக்கு டிசம்பர் இருபத்தேழில் பெண் குழந்தை. வயிறு வெட்டி எடுத்த பிள்ளை. மேனுஷா குடியிருப்பது மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடம். பதினோராம் நாளான இன்று அவளையும் குழந்தையையும் கணவன் ஹரிசன் காரில் கொண்டுவருகிறான். முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழியும்வரை தாய்வீட்டுப் பத்தியம். படி ஏறக்கூடாது என்பதால் கீழே உள்ள முன்னறைதான் பிள்ளை பெற்றவளின் அறை. அந்த அறையில்தான் ஏழரை அடி மரம் நின்றது.

"வாரும் மெற்றில்டா, வாரும். கையைக் காலை முதல் சூடாக்கும். நான் விடிய நாலு மணிக்கு எழும்பினனான்."

குசினியில் மல்லியும் மிளகும் வறுத்த வாசம். அடுப்பில் இரண்டு பேர் தூக்க வேண்டிய பெரிய பானை. உள்ளே வேதுத் தண்ணீர். பாவட்டை, ஆடாதோடை, வேப்பிலை, யாழ்ப்பாணத்தில் இருந்து பார்சலில் வந்த காய்ந்த இலை எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்தது. ஆறவிட்டுப் பிள்ளை பெற்றவளுக்கு வார்ப்பது. பாலாம்பிகை மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்தது.

"வந்து இறங்கின உடனை வாக்கோணும். இடுப்பு நோ எல்லாம் ஓடிப்போகும்."

"ஓம் அக்கா," என்றாள் மெற்றில்டா. பானையை அவள் ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தாள்.

வெளியே டொக்டர் ஏணியில் நின்று கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியில் கட்டிய விளக்குச் சரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். கம்பளித் தொப்பிக்குமேல் இன்னொரு கம்பளித் தொப்பி.

"டொக்டர், இறங்குங்கோ. நீங்கள் விழுந்தா ஒரே வீட்டில ரெண்டு பேருக்குப் பத்தியம் காய்ச்சேலாது."

"அவவுக்கு விருப்பம்தான் பிள்ளை, எனக்கும் உப்பில்லாமல் தர," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு இறங்கினார். மெற்றில்டாவுக்கு ஐம்பத்தைந்து வயது. அவருக்கு இன்னமும் பிள்ளைதான்.

பீலிக்குள் அடைந்து கிடந்த இலையை அவள் ஒரு பழைய கரண்டியால் வாரி எடுத்தாள். வாசற்படியில் உப்புத் தூவினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் வழுக்கிவிடக் கூடாது என்று கார் நிற்கிற இடம் வரைக்கும் இன்னொரு முறை தூவினாள். பிறகுதான் மரத்துக்குப் போனாள்.

மரம் இறக்குவதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. கண்ணாடிக் குண்டுகள் முதலில், முட்டைப் பெட்டிகளுக்குள்; அதற்காகவே ஒக்டோபரில் இருந்து முட்டைப் பெட்டி எறியவிடமாட்டாள். பிறகு சோடனை நாடா. விளக்குச் சரம் கடைசி. அதைக் கையில் சுருட்டக் கூடாது. இரண்டு பக்கமும் வெட்டுப்போட்ட மட்டையில் நூல் சுற்றுவதுபோல் சுற்ற வேண்டும். அப்போதுதான் அடுத்த நத்தாருக்கு ஒருவரை ஒருவர் ஏசாமல் மரம் சோடிக்கலாம். மோர்டன் பங்குக் கோயிலில் பதினாறு வருடமாக யேசு பிறந்த குடில் கட்டுகிறவள். எத்தனை குடும்பச் சண்டை சிக்கு விழுந்த விளக்குச் சரத்தில் தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய மகள் மரினாவுக்கு இந்த வேலை பிடிக்காது. மரினா பட்டம் முடித்து ஒன்றரை வருடம். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் முதல் பட்டம் அதுதான். "இனியும் ஏன் அம்மா அடுத்தவையின்ர வீட்டுக்குப் போறீங்கள்?" என்று வாரம் ஒருமுறை கேட்பாள். "கை சும்மா இருக்க ஏலாதடி" என்று மெற்றில்டா சொல்வாள். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை என்று சொல்கிறபோதே அவளுக்குத் தோன்றும். முழு உண்மை என்ன என்று கேட்டால் அதுவும் தெரியாது. ஒரு வீட்டை வருகிற ஆளுக்காக ஆயத்தம் பண்ணுகிறபோது நெஞ்சுக்குள் ஒன்று அமைதியாகிறது. அதற்கு என்ன பெயர் என்று படித்த பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

மரம் வெளியே போனது. வாசல்வரை பச்சை ஊசிகள் சிந்தின. அவற்றைக் கூட்டி அள்ளினாள். மிச்சம் குடில்தான்.

அந்தக் குடிலுக்கு ஒரு கதை உண்டு. பாலாம்பிகை பக்கத்து வேதக் கோயில் விற்பனையில் வடிவாக இருக்கிறதென்று வாங்கிய சுண்ணாம்புச் சிலைகள் அவை. சைவக்காரியான அவர் அவற்றைக் கொலு வைப்பதுபோல் மூன்று படியில் அடுக்கினார். ராசாக்கள் ராசாக்கள் என்பதால் மேல்படி. ஆட்டுக்குட்டியும் சூசையப்பரும் நடுவில். டிசம்பர் முதலாம் திகதியே குழந்தை யேசுவையும் வைத்து, கண்ணூறு படாமல் இருக்கக் கன்னத்தில் மையால் ஒரு கறுத்தப் பொட்டும் வைத்துவிட்டார்.

அதைக் கண்ட மெற்றில்டா பேசாமல் குழந்தையை எடுத்துக் குசினி லாச்சிக்குள், கரண்டிகளுக்குப் பக்கத்தில், துணி சுற்றி வைத்தாள். அடுத்த வெள்ளி வந்தபோது வீட்டில் ஒரே கலவரம்.

"பிள்ளையைக் காணேல்லை மெற்றில்டா! இவர்தான் எங்கையோ தட்டி விழுத்திப்போட்டு மறைக்கிறார்!"

"நான் என்னத்துக்கு மறைக்கிறன்? என்னை விசாரிக்கப் பொலிசைக் கூப்பிடும்."

"பிள்ளை லாச்சிக்குள்ள இருக்கு அக்கா. இன்னும் பிறக்கேல்லை. இருபத்தைஞ்சுக்குத்தான் வெளிய வரோணும்."

டொக்டர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குடிலில் மெற்றில்டா சொல்வதுதான் சட்டம். கன்னத்துப் பொட்டை மட்டும் அவள் அழிக்கவில்லை. கை போனது, மனம் வரவில்லை.

இப்போது பாலாம்பிகை வெறும் பெட்டியோடு வந்து நின்றார்.

"உதுகளையும் சுத்தி வைச்சிட்டீர் எண்டால் எல்லாம் ஒரே ஏணியில மேல ஏத்திவிடலாம்."

"ராசாக்களை வைக்கலாம் அக்கா. அவை வந்து பாத்தாச்சு, போகலாம். ஆடும் போகலாம். மாதாவை வைக்கேலாது."

"ஏன்?"

"பிள்ளை பெத்து இண்டைக்குப் பதின்மூண்டாம் நாள். நாப்பது நாள் முடிய முந்தித் தாயையும் பிள்ளையையும் குளிரில தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள அடைக்கிறதோ? பெப்ரவரி ரெண்டாம் திகதிதான் நாப்பது."

"எங்கட கணக்கு முப்பத்தொண்டு."

"மாதா வேதக்காரி அக்கா. அவவுக்கு நாப்பது."

"நல்லாத்தான் கணக்கு வைச்சிருக்கிறீர்," என்று பாலாம்பிகை முகத்தைச் சுளித்தார். "பிள்ளை பெத்தவளின்ர அறைக்குள்ள ஒரு மாதம் வைக்கோல் கிடக்கேலாது. பொறும், மூண்டு மணி ஆகட்டும், பிறகு பாப்பம்."

மூன்று மணி. மெற்றில்டா ஓடிப்போய்க் கட்டிலுக்கு விரிப்புப் போட்டாள். தலையணையை அடித்து வைத்து நிமிர்ந்தபோது கை தற்செயலாக ரேடியேற்றரில் பட்டது. சுடவில்லை. மற்ற அறைக்கு ஓடினாள். அதுவும் ஆறிக்கொண்டிருந்தது. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை.

வீட்டைச் சூடாக்குகிற பொயிலரின் முகப்பில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. டொக்டர் பொத்தானை அமத்தினார். அது ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. மறுபடி அமத்தினார். மறுபடி உறுமல், மறுபடி சிவப்பு.

"உறையாமல் இருக்க ஏலுமான பைப் எல்லாத்துக்கும் துணி சுத்தினனானே!"

"துணி எண்டு சொல்லாதேங்கோ, என்ர நைலெக்ஸ் சீலை மூண்டு. மேல பைப்புகள் எல்லாம் கலியாணவீட்டுக்குப் போற மாதிரி நிக்குதுகள்."

திருத்துகிற ஆளுக்குப் போன் எடுத்தார்கள். நாளைக்குப் பத்து மணிக்குப் பிறகுதானாம். முன்னறைக் கணப்பைப் பற்றவைக்கலாமென்றால், குளிர்காற்று வராமல் டொக்டர் அதன் புகைபோக்கிக்குள் ஐந்து வருடமாகத் தலையணை திணித்து வைத்திருந்தார். அதற்குமேல் புகை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இருந்த ஒரே மின்சார ஹீற்றரை மூட்டினால், அதன் சூடு கட்டில் காலைத் தாண்டி வரவில்லை.

பாலாம்பிகை போனைக் கையில் எடுத்தார். "வரவேண்டாம் எண்டு சொல்லப்போறன். குளிர் வீட்டில பச்சை உடம்புக்காரியை எப்பிடி வைக்கிறது? அந்த மூண்டாம் மாடியிலயே கிடக்கட்டும். எல்லாம் ஆயத்தம் பண்ணி…"

"சொல்லாதேங்கோ அக்கா," என்றாள் மெற்றில்டா. தன் குரல் அவ்வளவு உரத்து வந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை. "அரை மணித்தியாலம் தாங்கோ. பிறகு சொல்லுங்கோ."

வரவேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்கிற வார்த்தை அவளுக்குப் பழக்கம். இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஜனவரியில், மரினா பிறந்து பன்னிரண்டாம் நாள், அகதி மனுப் போட்டிருந்த அவர்களை ஒரு அறையில் இருந்து இன்னொரு ஃபிளாட்டுக்கு மாற்றினார்கள். லண்டனின் கிழக்குப் பக்கம், மேல்மாடி. ஹீற்றிங்கைப் போட மீற்றருக்கு ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி நாளைக்குத்தான் வரும். யேசுரட்ணம் சாவி தேடிப் போய்விட்டார். மெற்றில்டா குழந்தையை மேற்சட்டைக்குள் விட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு தரையில் இருந்தாள். அவளுக்கு வேதுத் தண்ணியும் இல்லை, மல்லி மிளகு அரைத்த சரக்குக் கறியும் இல்லை. அழக்கூடத் தெம்பு இல்லை.

கீழே பதினான்காம் இலக்கத்தில் இருந்த கறுப்பினப் பெண் கதவைத் தட்டினாள். மெற்றில்டாவின் வாயில் இருந்து வந்த மூச்சுப் புகையைப் பார்த்தாள், குழந்தையின் கையைத் தொட்டாள், உடனே இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சுடுதண்ணீர்க் கேத்தில். வெறும் சோடாப் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, துவாயால் சுற்றி, தாயையும் பிள்ளையையும் சுற்றிவர அடுக்கினாள். ஆறியதும் ஊற்றிவிட்டு மறுபடி இறங்கினாள். பின்னேரம்வரை ஏழு தரம். ஏழாவது தரம் மெற்றில்டா அவளுடைய கையைப் பிடித்தாள். அந்தப் பெண் கோழி கலைப்பதுபோலப் புறங்கையை இரண்டுதரம் அசைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த மாதம் இவர்களுக்கு வேறு வீடு. பெயர்கூடக் கேட்கவில்லை.

மரினா பெரியவளானதும் ஒருநாள் கேட்டாள்: "அந்த அன்ரியை ஏன் அம்மா பிறகு தேடிப் போகேல்லை?" மெற்றில்டா தேடிப் போகாமல் இல்லை. ஒருமுறை போனாள், கட்டடமே இருக்கவில்லை. ஆனால் அது பத்து வருடம் கழித்து. ஏன் பத்து வருடம் எடுத்தது?

அவள் பொயிலருக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். "டொக்டர், இன்னொருக்கால் அமத்துங்கோ."

உள்ளே தண்ணீர் கூடிப்போன புட்டுப்பானைபோல் கொளகொளவென்றது.

"இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மூண்டு வருசத்துக்கு முந்தி மோர்டனில எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான். இதுக்குக் கழிவுத் தண்ணி போக ஒரு பைப் வெளிய இருக்கோணும். அது உறைஞ்சு அடைச்சால் பொயிலர் நிண்டிடும். அதுக்கும் சீலை உடுத்தினீங்களோ?"

டொக்டர் தொப்பியைக் கழற்றினார். "அது சும்மா கழிவுத் தண்ணிதானே பிள்ளை எண்டு விட்டிட்டன்."

வெயில் எட்டிப் பார்க்காத பின்சுவரில் அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் இருந்தது. விரல் மொத்தம். நுனியில் ஒரு பனிக்கட்டி யானைத் தந்தம்போல் தொங்கியது. கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடித்துவிடும். கை பொறுக்கிற சூடுதான் வேண்டும். மெற்றில்டா கேத்தில் தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து ஊற்றினாள். நுனிக்கட்டி கழன்று விழுந்தது. அடுத்த கேத்தில் கொதித்து வருவதற்குள் குழாய் மறுபடி வெளுத்துப்போனது. விடாமல் ஊற்ற வேண்டும். நிறையத் தண்ணீர் வேண்டும்.

அவள் குசினிக்குள் வந்து பெரிய பானையின் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தாள். கை பொறுக்கிற சூடு.

"ஐயோ, அதை வேண்டாம்!" என்றார் பாலாம்பிகை. "அது மேனுஷாவுக்கு வாக்கிறது. விடியக்காலமை நாலு மணியில இருந்து…"

"தெரியும் அக்கா. நீங்கள் வேண்டாம் எண்டால் தொடமாட்டன்."

பாலாம்பிகை பானையைப் பார்த்தார். கையில் இருந்த போனைப் பார்த்தார். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் பானையின் ஒரு காதைப் பிடித்தார்.

"மற்றப் பக்கத்தைப் பிடியும். கவனம், இடறிப்போடாதேயும்."

பூவாளியால் மெற்றில்டா ஊற்றினாள், பாலாம்பிகை மொண்டு மொண்டு கொடுத்தார். ஆடாதோடை வாசம் வளவு முழுக்கப் பரவியது. வெள்ளைப் பனியில் கறுத்த சாயம் ஓடியது. பக்கத்து வயலில் நின்ற குதிரை ஒன்று வேலியால் தலையை நீட்டி மூக்கை விரித்தது.

"அதுக்கும் இடுப்பு நோவாம்," என்றார் பாலாம்பிகை. கண்ணில் தண்ணீரோடு அவர் சிரிப்பதை மெற்றில்டா அன்றுதான் கண்டாள்.

பானையில் கால்வாசி மிஞ்சியிருந்தபோது குழாய் ஒருதரம் இருமியது. ஒரு விரல் நீளக் கட்டி வெளியே பாய்ந்தது, பின்னால் தண்ணீர். குசினி யன்னலுக்குள் இருந்து டொக்டர் கத்தினார்: "பிடிச்சிட்டுது! இஞ்சரும், பிடிச்சிட்டுது!"

ஒன்று இருபது. மெற்றில்டா மரத்துச் சோடனை சுற்றி வந்த கம்பளித் துணியை அந்தக் குழாய்க்கு இறுக்கச் சுற்றிக் கட்டினாள். கை விரல்கள் அவளுடையவை போல இருக்கவில்லை. உள்ளே வந்து ரேடியேற்றரில் இரண்டு கையையும் வைத்தபோது அது மெல்ல, மிக மெல்ல, உயிர் பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் கார் வந்தது. ஹரிசன் உப்புத் தூவிய பாதையால் குழந்தைக் கூடையை அரிவரி வகுப்புப் பிள்ளை பரீட்சைத்தாள் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தான். பின்னால் மேனுஷா, வயிற்றில் கை வைத்தபடி, ஒவ்வோர் அடியாக. முன்னறை வாசலில் நின்று கண்ணை மூடினாள்.

"ம்ம்… சூடு. அம்மா, என்ன இது, வீடு முழுக்க மருந்து மணக்குது?"

"பொயிலருக்கு வேது வாத்தனாங்கள்," என்றார் டொக்டர்.

மேனுஷாவின் கண் குடிலில் போய் நின்றது. ராசாக்களும் ஆடும் போய், வைக்கோலில் தாயும் பிள்ளையும் சூசையப்பரும் மட்டும். குழந்தையின் கன்னத்துக் கறுத்தப் பொட்டைக் கண்டு சிரித்தாள். சிரிக்கத் தையல் இழுத்தது. "ஆ… சிரிக்க வைக்காதேங்கோ. இது இருக்கட்டும் அம்மா. எனக்குத் துணைக்கு ஒரு ஆள்."

பாலாம்பிகை மெற்றில்டாவைப் பார்த்தார். "வைக்கோலை மட்டும் எடுத்துப்போட்டு, கணப்புக்கு மேல தட்டில தூக்கி வையும். நாப்பது எண்டால் நாப்பது. மேனுஷாவுக்கும் நாப்பதாய் வைப்பம்."

"மாமி, முப்பத்தொண்டு எண்டுதானே சொன்னீங்கள்?" என்றான் ஹரிசன்.

"கணக்கு மாறிப்போச்சு தம்பி. உமக்குச் சமைக்கத் தெரியும்தானே?"

பானை அடியில் கிடந்த இலைக்குமேல் புதுத் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்க வைத்தார்கள். சாயம் முன்னைவிட வெளிறல்தான். ஆறியதும் அதைக் குளியலறைக்கு ஒரு வாளி, இரண்டு வாளியாகக் கொண்டுபோனார்கள். மேனுஷா சின்னக் கதிரையில் முதுகு காட்டி இருந்தாள். பாலாம்பிகை செம்பை எடுத்தார், தோளைத் தடவினார், செம்பை மெற்றில்டாவிடம் நீட்டினார்.

"பானை தூக்கித் தோள் பிடிச்சிட்டுது. நீர் வாத்துவிடும்."

மெற்றில்டா செம்பை உடனே வாங்கவில்லை. "நானோ அக்கா? முதல் வார்வை தாயெல்லோ வாக்கிறது."

"நான் தாய் எண்டபடியால்தான் சொல்லுறன். வாத்துவிடும்."

அவள் முழங்கை மடிப்பில் ஒரு துளி விட்டுப் பார்த்தாள். சூடு போதும். வயிற்றுத் தையலில் படாமல், தோளில் இருந்து இடுப்புக்கு, முதல் செம்பை மெல்லச் சரித்தாள். மேனுஷாவின் முதுகு ஒருமுறை நடுங்கிப் பிறகு தளர்ந்தது. அவ்வளவு தளர்ச்சியாக ஒரு முதுகை மெற்றில்டா கண்டதில்லை. பிள்ளை பெற்ற முதுகு இப்படித்தான் இருந்திருக்க வேண்டுமா? பொறாமை வருகிறதா என்று அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. ஏழு தரம் படி ஏறிய ஒரு சோடிக் காலின் சத்தம்தான் வந்தது.

"சூடு காணுமோ பிள்ளை?"

"காணும் அன்ரி." மேனுஷா திரும்பாமல் பின்னால் கையை நீட்டி அவளுடைய ஈரக்கையைப் பிடித்தாள். "தாங்க்ஸ் அன்ரி. அப்பா எல்லாம் சொன்னவர்."

மெற்றில்டாவின் கை தானாகவே விடுபட்டது. கோழி கலைப்பதுபோல் புறங்கை இரண்டுதரம் அசைந்தது. அசைந்த பிறகுதான் அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்தது. செம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அன்ரி?"

"ஒண்டுமில்லை. தலையைக் குனியும் பிள்ளை," என்று சொல்லி அடுத்த செம்பை மொண்டாள்.